கப்பலைத் தேடிப் போனவர்கள்

ஆலோசனை சொல்பவனுக்கு என்ன மரியாதை என்பதற்குப் சிங்கப்பூரில் உள்ள புக்கிட் மேராவின் பெயர்க்கதை ஒன்றே போதும். வாள்மீன்கள் கரைக்குப் பாய்ந்து ஆட்களைக் குத்தின. ராஜா பலமாக யோசித்து, வீரர்களின் கால்களையே வேலியாக நிறுத்தினார். மீனுக்குக் கொண்டாட்டம். “வாழைமரத்தை வெட்டி நடுங்களேன்” என்றான் ஒரு பொடியன். நட்டார்கள், மீன்கள் மூக்கைச் செருகி மாட்டிக்கொண்டன. இத்தனை புத்தி ஆகாது என்று பொடியனைத் தீர்த்துக்கட்டினார்கள். அவன் ரத்தத்தில் குன்று சிவந்ததாம். மண்ணில் இரும்புச்சத்து என்றால் யார் கேட்பார்கள்!

அதே வட்டாரத்து ஃபேபர் மலைக்கு 1845-இல் பெயர் வைத்தது, உச்சிக்குப் பாதை வெட்டிய மதராஸ் எஞ்சினியர்ஸ் கேப்டன் ஃபேபருக்காக. அந்தக் காலத்தில் மேலே கொடி ஏற்றிக் கப்பல்களுக்குச் சைகை காட்டுவார்கள். அப்படிக் கப்பலே கதி என்று கிடந்த ஊருக்கு 1883 ஆகஸ்டில் தெற்கிலிருந்து ‘டும் டும்’ கேட்டால் என்ன தோன்றும்? ஏதோ கப்பல் ஆபத்தில் பீரங்கி வெடிக்கிறது என்று இரண்டு நீராவிக் கப்பல்களை அனுப்பினார்கள். வெடித்ததோ சுமார் 840 கிலோமீட்டர் தள்ளியிருந்த கிராக்கட்டோவா எரிமலைத் தீவு.

அது மே 20-லிருந்தே புகைந்துகொண்டிருந்தது. ஒரே வாரத்தில் பத்தாவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) கப்பலேறி வேடிக்கை பார்க்கப் போனது ஒரு கூட்டம். ஆகஸ்ட் 11-இல் கேப்டன் ஃபெர்செனார் போய்ப் படம் வரைந்தார். தீவில் இறங்கி அளப்பது இப்போதைக்கு உசிதமல்ல என்று எழுதியும் வைத்தார். பதினாறே நாளில் தீவில் பெரும்பகுதியைக் காணோம். வெடிப்பிலும் அது எழுப்பிய கடலலையிலும் 36,000-க்கும் மேற்பட்டோர் போனதை மட்டும் நக்கலடிக்க முடியாது.

இன்றைக்குச் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், 2008-இல் தொடங்கிய புவி ஆய்வகத்தினர் அக்கம்பக்கத்து எரிமலைகளை ஆராய்கிறார்கள். கொதிகுழம்பு மேலேறினால் பாறை விரிசல் விட்டுக் குட்டிக் குட்டியாய் அதிரும். தரை பூரி போல உப்பும், என்ன, மில்லிமீட்டர் கணக்கில். அதிர்வை நிலநடுக்கமானி பிடிக்கும், உப்பலை ஜிபிஎஸ்ஸும் செயற்கைக்கோளும்.

1883 சிங்கப்பூரிடமும் கருவி இல்லாமல் இல்லை. டெலிபோன் இருந்தது. எரிமலை வெடித்த அன்று அதைக் காதில் வைத்தவர்களுக்கு அருவி கொட்டும் இரைச்சல். மறுமுனையில் தொண்டை கிழியக் கத்தியும் ஒரு சொல் விளங்கவில்லை. கம்பெனிக்காரனைத் திட்டாமலா இருந்திருப்பார்கள்?