இனிதே சரிந்த பந்தல்

வாங்க டீச்சரம்மா, கும்பிடுதேன். திண்ணையில செத்த உக்காருங்க, மோர் வருது.

நான் அஞ்சாப்பு படிச்சவன். முப்பது வருசம் இந்தக் கரிசக்காட்டுல சைக்கிள் மிதிச்சு, அடுத்தவங்க எழுதினதைக் கொண்டுபோய்க் குடுத்த தபால்காரன். பாடம் நடத்துறதைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? அதனால நான் சொல்றதைப் பெருசா எடுத்துக்காதீக. எடுத்துக்கிட்டாலும் கோவிச்சுக்க மாட்டேன்.

பேத்தி நோட்டைப் பார்த்தேன். ஆண்டு விழாவைப் பத்தி நாளிதழ்ச் செய்தி எழுதச் சொல்லியிருக்கீக. பிள்ளை எழுதியிருக்கா: “எங்கள் பள்ளி ஆண்டு விழா இனிதே நடைபெற்றது. சிறப்பு விருந்தினர் அரிய கருத்துகளை எடுத்துரைத்தார். அனைவரும் மகிழ்ந்தனர். நாட்டுப்பண்ணுடன் விழா இனிதே நிறைவுற்றது.” பத்துக்கு ஒன்பது மார்க்கு. ஒண்ணு ஒற்றுப்பிழைக்குப் போயிருக்கும் போல.

எனக்கு ஒரே குழப்பம். அன்னைக்கு ராத்திரி இதே பிள்ளை தெருமுக்குல இருந்தே கத்திக்கிட்டு ஓடியாந்தா: “தாத்தா! பந்தல் சரிஞ்சு போச்சு! தலைவரு ஒத்தச் செருப்போட ஓடிட்டாரு!” அவ்வளவுதான், பாதித் தெரு இந்தத் திண்ணைக்கு வந்துருச்சு. யாருக்கும் அடியான்னு கேட்டேன். அடி இல்ல, டான்ஸ் ஆடின நாலு பேரு துணிக்குள்ள மாட்டிக்கிட்டாக, பி.டி. சார்தான் தூக்கி விட்டாருன்னா. ஏன் சரிஞ்சதுன்னு கேட்டேன். மேற்கு மூலைக் கம்புல யாரோ ஆட்டைக் கட்டிப் போட்டிருந்தாகளாம், மைக் செட்டு அலறவும் மிரண்டு இழுத்துருச்சாம். யாரு ஆடுன்னு கேட்டேன். பிள்ளை என் மூஞ்சியைப் பார்த்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

சரி, ஆட்டை விடுங்க. பேப்பர் செய்திங்கிறது பிள்ளை ஓடியாந்து கத்தினதுதானே? பெரிய விசயம் மொதல்ல, கேக்கக் கேக்க மிச்சம். அதை யாரு சொல்லிக் குடுத்தா? தானா வந்துச்சு. நீங்க உக்கார வெச்சு, கையைக் கட்டச் சொல்லி, ‘இனிதே’ பழக்கிட்டீக. தப்புன்னு சொல்லல. நாளைக்கு ஆபீஸ் உத்தியோகத்துக்கு ரொம்ப உதவும்.

பழக்கினதை மறக்கடிக்கணும்னா ஒரு விளையாட்டு இருக்கு. அந்தக் காலத்துத் தந்திக்கு எழுதுற சொல்லை எண்ணித்தான் காசு. காசுன்னு வந்துட்டா நம்மாளு எப்பேர்ப்பட்ட வாயாடியா இருந்தாலும் சுருக்கிருவான். ரொம்பச் சுருக்கினாலும் வம்பு. ‘உடனே புறப்படு’ன்னு ஒரு வீட்டுக்குத் தந்தி கொண்டுபோனேன். நான் சைக்கிளை ஸ்டாண்டு போடும் முன்னாடியே உள்ள ஒப்பாரி. அழுதுக்கிட்டே பஸ் ஏறிப் போய்ப் பார்த்தா, பொண்ணு பார்க்கக் கூப்பிட்டிருக்காக. ‘ஏன்’ங்கிற ஒத்தச் சொல்லை மிச்சம் பிடிச்சதுக்கு ஒரு குடும்பத்துக் கண்ணீர் செலவு. 2013 ஜூலையில தந்தியையே நிறுத்திட்டாக. பேரு மட்டும் பேப்பர்ல நிக்குது. 1942-ல ஆதித்தனார் மதுரையில ஆரம்பிச்ச தினத்தந்தியைத்தான் சொல்லுதேன். டீக்கடையில எழுத்துக் கூட்டி வாசிக்கிற ஆளுக்கும் புரியுற மாதிரி எழுதின பேப்பர் அது. நானே அதுல கூட்டி வாசிச்சுப் படிச்சவன்தான்.

அதனால ஆளுக்கு இருபது புளியங்கொட்டை குடுங்க. சொல்லுக்கு ஒரு கொட்டை. ‘இனிதே’, ‘சிறப்பாக’, ‘கோலாகலமாக’ போட்டா அஞ்சு கொட்டை அபராதம். யாரு, என்ன, எங்க, எப்போ, ஏன்னு பக்கத்துப் பிள்ளை கேக்கும். பதில் இல்லாட்டி அவுட்டு. கொட்டை மிச்சம் வெச்சவனுக்கு ஒரு கடலை மிட்டாய். கோவில்பட்டி மிட்டாய்னா எழுத்துப்பிழைகூடக் குறையும்னு என் எண்ணம்.

அப்புறம் பல்லி. பல்லிக்கு வால் அறுந்தாலும் உசுரு போகாது, தலை போனா போச்சு. பேப்பர் செய்தியும் பல்லிதான். கடைசி நேரத்துல விளம்பரம் வந்துட்டா அடியில இருந்துதான் வெட்டுவாக, அதுக்காகவே முக்கியமானதை மேல வெப்பாகளாம். பிள்ளைக எழுதினதை அடியில இருந்து ஒவ்வொரு வரியாக் கத்திரிக்கோலால நறுக்கச் சொல்லுங்க. கடைசியா ஒத்த வரி மிஞ்சும்போதும் சேதி உசுரோட இருந்தா அது நல்ல பல்லி. நேத்து பேத்தி நோட்டை இப்படி நறுக்கிப் பார்த்தோம். மிஞ்சினது, ‘ஆண்டு விழா இனிதே நடைபெற்றது.’ பந்தல் விழுந்தது பல்லி வயித்துலகூட இல்ல.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விளையாட்டு இன்னொண்ணு. நம்ம தமிழ்ல ஒரு சின்னச் சாமான் இருக்கு, கவனிச்சிருக்கீகளா? கண்ணால பார்த்தவன் ‘விழுந்துச்சு’ம்பான். காதால கேட்டவன் ‘விழுந்துச்சாம்’பான். ஒரு ‘ஆம்’ல தீர்ந்தது கணக்கு. பேப்பர்காரக ‘என்று கூறப்படுகிறது’ன்னு நீட்டி முழக்குறதை நம்ம நாலு வயசுப் பிள்ளை ஒரு ‘ஆம்’ல முடிச்சிரும். பாதிப் பிள்ளைகளை வெளிய நிறுத்திட்டு, உள்ள நீங்க ஒரு கூத்துப் பண்ணுங்க. சாக்பீஸை முழுங்குற மாதிரி நடிங்க. பார்த்த பிள்ளை வெளிய போய்ச் சொல்லட்டும், கேட்ட பிள்ளை அடுத்த பிள்ளைக்குச் சொல்லட்டும். நாலாவது பிள்ளை ‘டீச்சர் சாக்பீஸ் தின்னாங்க’ன்னு அடிச்சுச் சொல்லும். ‘ஆம்’ எங்க போச்சு? எந்தப் பிள்ளை முழுங்குச்சுன்னு திரும்பிப் போய்த் தேடணும், அதுதான் ஆட்டம். பிள்ளைக கண்டுபிடிச்சிரும். இங்க பெரியாளுகதான் வாட்ஸ்அப்புல ‘ஆம்’மை முழுங்கிட்டு ஏப்பம் விட்டுக்கிட்டு அலையுறாக.

‘பட்டது’ வேட்டைன்னும் ஒண்ணு உண்டு. பழைய பேப்பரைக் குடுத்து, ‘பட்டது’ன்னு முடியுற வரியெல்லாம் கோடு போடச் சொல்லணும். ஒவ்வொண்ணுக்கும் ‘யாரால?’ன்னு கேக்கணும். ‘கண்மாய் தூர்வாரப்பட்டது.’ யாரு வாரினா? எந்த மாசம்? மண்ணு எங்க? இதை மட்டும் கொஞ்சம் சூதானமா விளையாடச் சொல்லுங்க. கண்மாய் கான்ட்ராக்டர் மகன் உங்க கிளாசுலதான் ரெண்டாவது பெஞ்சுல இருக்கான்.

இவ்வளவுக்கும் நேரம் எங்க இருக்குன்னு கேப்பீக. நின்னு பாடம் நடத்துறதைக் குறைச்சா தானா வரும். பட்டணத்துல இருக்கிற என் பேரன் ஒரு கதை சொன்னான். பிரான்சு தேசத்துல செலஸ்தேன் ஃப்ரெனேன்னு ஒரு வாத்தியார். முதல் உலகப்போர்ல நுரையீரல்ல குண்டடி பட்டவர். 1920-ல ஒரு மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்தா, நின்னு பாடம் நடத்த மூச்சு பத்தல. பிள்ளைகளை வெளிய நடத்திக் கூட்டிப்போய், பார்த்ததைச் சொல்லவும் எழுதவும் விட்டாரு. பின்னாடி கிளாசுக்குள்ளயே ஒரு சின்ன அச்சு மிஷினை வெச்சாரு. பிள்ளைகளே எழுத்துக் கோத்து, தங்க சேதியை அச்சடிச்சு, தூரத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தபால்ல அனுப்புச்சுகளாம். தபால்னதும் எனக்கு அந்த மனுசன் மேல தனிப் பிரியம் வந்துருச்சு. உங்களுக்கு மூச்சு நல்லா இருக்கு டீச்சரம்மா. சிக்கலே அங்கதான்.

அச்சு மிஷினெல்லாம் நமக்கு வேண்டாம். பழைய மாசக் காலண்டர் பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்கும், சுவத்துல ஒட்டுங்க. நல்லா வந்ததை ஊஞ்சலுக்கோ தேன்சிட்டுக்கோ அனுப்புங்க. அரசாங்கமே பிள்ளைகளுக்குன்னு போடுற பத்திரிகைதான். தபால் செலவு என்னோடது.

இதோ, பேத்தி திரும்ப எழுதினதைப் பாருங்க. புளியங்கொட்டை எண்ணி எழுதினது. ‘தபால்காரத் தாத்தாவின் ஆடு இழுத்ததால் வெள்ளிக்கிழமை இரவு பள்ளி விழாப் பந்தல் சரிந்தது.’ ஆட்டுச் சமாச்சாரத்தைக் கடைசி வரியில வையி கண்ணு, இடம் பத்தாட்டி வெட்டிருவாகன்னு எவ்வளவோ கெஞ்சினேன். “‘ஏன்’ங்கிறதுக்குப் பதில் அதான தாத்தா, தலையை எப்படி வாலுல வைக்க?”ன்னு கேட்டுட்டா. விளையாட்டைச் சொல்லிக் குடுத்தவன் நானே, வாயைத் திறக்க முடியல.

மோரைக் குடிங்க. அந்தச் செருப்பு இங்கதான் கெடக்கு. வலது கால், ஒன்பதாம் நம்பர். தலைவரு வந்தா வாங்கிக்கிடச் சொல்லுங்க. பேத்தி எழுதினதைச் சுவத்துல ஒட்டினா, அதை மட்டும் அன்னைக்கு ஒருநாள் மூடி வையுங்க.