ஊக்கும் ஒன்பது ஊசியும்

ஞாயிற்றுக்கிழமையில் திருவாலங்காட்டுக் குடும்பஸ்தர்கள் கறிக்கடைக்குப் போவார்கள். அல்லது தண்ணீர் மோட்டாரோடு மல்லுக்கட்டுவார்கள். நான் கூடத்தில் ஒரு தராசோடு உட்கார்ந்திருந்தேன். காக்களூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் பரிசோதனைக்கூடத்தில், "இதைக் கம்ப்யூட்டரோடு பேச வைப்பது எனக்கு அரை மணி வேலை" என்று வாயை விட்டதன் பலன். ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன்.

தராசில் இருப்பது ஆர்.எஸ்.232 என்ற இணைப்பு, 1960-ல் பிறந்தது. என்னைவிட மூத்தது, பிடிவாதத்தில் எனக்குச் சமம். யுஎஸ்பி மாதிரி செருகியதும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளாது. வேகம், பிட், பாரிட்டி எல்லாம் இரண்டு பக்கமும் முன்கூட்டியே பொருந்தியிருக்க வேண்டும்.

தராசு மௌனம். கம்ப்யூட்டர் பக்கத்து இணைப்பின் ஒன்பது ஊசியில் இரண்டாவதையும் மூன்றாவதையும் இணைத்துவிட்டால், அனுப்பியது அப்படியே திரும்பி வரவேண்டும். வந்தால் இந்தப் பக்கத்தில் கோளாறில்லை. மனைவியிடம் ஒரு ஊக்கு வாங்கி மாட்டினேன். தட்டியதெல்லாம் திரையில் திரும்பி வந்தது. இந்த வீட்டில் நான் சொன்னதை அப்படியே ஒப்புக்கொண்ட முதல் ஜீவன் அந்த ஊக்குதான்.

அப்படியானால் கேபிளில்தான் சிக்கல். இரண்டும் மூன்றும் குறுக்காகப் போகவேண்டிய இடத்தில் நேராகப் போயிருந்தன. இரண்டு வாயும் ஒரே கம்பியில் கத்திக்கொண்டிருந்தன. மாற்றியதும் பதில் வந்தது, சீனமா கிரந்தமா என்று தெரியாத எழுத்தில். தராசு 2400 வேகத்தில் பேசுகிறது, நான் 9600-ல் கேட்கிறேன். அதையும் சரிசெய்து, எடை கேட்கும் கட்டளையை அனுப்பினேன். மறுபடி மௌனம். வரி முடிந்தது என்று 13, 10 ஆகிய இரண்டு குறிகளைச் சேர்த்து அனுப்பினால்தான் அது வாய் திறக்குமாம். பழைய டெலிபிரிண்டர் காலத்து மரியாதை.

"ஏங்க, எடைதான் தராசு மூஞ்சியிலேயே தெரியுதே? அதைப் பார்த்து எழுதிக்கக் கூடாதா?"

கையால் எழுதினால் 6 ஒன்று 9 ஆகிவிடும், தணிக்கைக்காரர் நம்பமாட்டார் என்றேன்.

"உங்க கண்ணை நீங்களே நம்பமாட்டீங்க, ஊக்கை நம்புவீங்க."

எங்கள் ஊரில் காளியை ஆட்டத்தில் ஜெயிக்க, சிவனே விழுந்த காதணியைக் கால்விரலால் எடுத்துக் காதில் மாட்டவேண்டியிருந்தது. எனக்கு மூட்டுவலி வேறு.

சாயங்காலம் திரையில் வரிசையாக எண்கள் ஓட ஆரம்பித்தன. தேதி, நேரத்தோடு பதிவாகிறது, யாரும் மாற்றமுடியாது என்று பெருமையாகச் சொன்னேன். அவள் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, போன தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்த தோட்டின் பில் எங்கே இருக்கிறது என்று கேட்டபடி, திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தாள்.