கணக்கை வாசிப்பா!

எங்கள் ஊர் கிராம சபைக்கு மூன்று வகை ஆட்கள் வருவார்கள். தார்ப்பாயில் உட்காருகிறவர்கள் முதல் வகை. இவர்களில் முக்கால்வாசி பெண்கள். வேப்பமரத்தில் சாய்ந்து நிற்கிறவர்கள் இரண்டாம் வகை. கூட்டம் நல்லபடியாக முடிந்தால் ‘நானும் வந்திருந்தேன்’ என்றும், கைகலப்பானால் ‘அந்தப் பக்கமாகப் போனேன்’ என்றும் சொல்லிக்கொள்ள வசதியான தூரம் அது. மோட்டார் சைக்கிளை அணைக்காமல் ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றி எட்டிப் பார்க்கிறவர்கள் மூன்றாம் வகை. மறுநாள் டீக்கடையில் கூட்டத்தில் என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் விளக்குகிறவர்கள் இவர்கள்தான். நான் வேப்பமரத்து ஆள்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருஷத்துக்கு நான்கு தடவை கூடிக்கொண்டிருந்தது சபை. 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து அரசாங்கம் ஆறாக்கிவிட்டது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளாம். அந்தத் தேதியைக் குறித்த புண்ணியவான் எந்த நாட்டுக்காரரோ, எங்கள் ஊர் நிலவரம் அறிந்தவர். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் மட்டம் இறங்கி, ஜனங்களின் குரல் மட்டம் ஏறுவது அந்த வாரத்தில்தான்.

கூட்டம் செல்லுபடியாகக் குறைவெண் வரம்பு என்று ஒன்று உண்டு. ஊரின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர் வரவேண்டும். 3,000 வரை 100 பேர். 10,000 வரை 200 பேர். அதற்கும் மேலே போனால் 300 பேர். எங்கள் ஊர் இரண்டாயிரத்துச் சொச்சம், ஆகவே நூறு தலை தேவை. தார்ப்பாயில் அறுபது தலைதான் தெரியும். ஆனால் பதிவேட்டைப் புரட்டினால் நூற்றிருபது கையெழுத்து இருக்கும். திருப்பூரிலும் துபாயிலும் வேலை பார்க்கிற பிள்ளைகளெல்லாம் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, பெற்ற தாயைக்கூடப் பார்க்காமல் திரும்பிப் போயிருப்பார்கள்.

முதலில் ஊராட்சிச் செயலர் கூட்டப் பொருளை வாசிப்பார். டெங்கு தடுப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, மழைநீர் சேகரிப்பு என்று மேலிடத்திலிருந்து வந்த பட்டியல் முழுவதையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, “ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது” என்று சொன்ன பிறகுதான் மூச்சு விடுவார். மேற்பார்வைக்கு வந்திருக்கும் பற்றாளர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அவருக்கு அன்றைக்கு வீட்டில் விருந்தாளி.

அதன் பிறகுதான் ஊரின் நிஜக் கூட்டம் ஆரம்பிக்கும். முதல் கேள்வி தெருவிளக்கு. பகலெல்லாம் எரிந்து களைத்துப்போய் ராத்திரியில் தூங்கிவிடுகிற விளக்குகள் எங்களுடையவை. இரண்டாவது, சாக்கடை. கால்வாய் கட்டியே தீரவேண்டும் என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. தன் வாசல் வழியாகப் போகக் கூடாது என்பதிலும் எல்லாருக்கும் ஒரே கருத்து. மூன்றாவது, வேகத்தடை. தன் வீட்டுக்கு முன்னால் ஒன்று வேண்டும், மற்றவன் வீட்டுக்கு முன்னால் இருப்பது இடுப்பை ஒடிக்கிறது. ஊராட்சி போட்டது போதாதென்று ஆளாளுக்குச் செம்மண்ணும் ஜல்லியும் கொட்டியதில், எங்கள் தெருவில் மாட்டு வண்டிகூடத் துள்ளிக்கொண்டுதான் போகும்.

நான்காவதாக வருவது குழாய் மோட்டார். குடிநீர்க் குழாயில் நேரடியாக மோட்டாரை மாட்டி உறிஞ்சினால் தெருக்கோடி வீடுகளுக்குக் காற்றுதான் வரும். ஒரு கூட்டத்தில், மோட்டார் வைப்பவரின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்று ஒருவர் தொண்டை கிழியப் பேசினார். கைதட்டலோடு தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் காலையில் தண்ணீர் விட்டபோது அவர் வீட்டு வாசலில் கவிழ்த்து வைத்திருந்த அண்டாவுக்குள்ளிருந்து ‘உர்ர்ர்’ என்று சத்தம் வந்தது. உள்ளே பூனை படுத்திருப்பதாகச் சொன்னார். பூனைக்கு எதற்கு ஒயர் என்று கேட்க எங்களுக்குத் துணிச்சல் இல்லை. பாதித் தெருவில் அதே இனத்துப் பூனைதான் இருந்தது.

பொதுவாக இந்த இடத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் எழுந்துகொள்வார். அவர் எழுந்தால் உத்திரமேரூர் வரும். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. ஊரை 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்து, பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, விவரமறியாத ஒரு சிறுவனைவிட்டு எடுக்கச் சொல்லி வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்கவேண்டும். “இதைக் கவனிக்கணும்,” என்று வாத்தியார் குரலை உயர்த்துவார். “வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமில்லை, அவன் சொந்தக்காரனும் நிற்க முடியாது!”

தார்ப்பாயில் சலசலப்பு எழும். வேப்பமரத்தடியில் நிற்கும் முன்னாள் தலைவர்கள் ஒரே நேரத்தில் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பார்கள். அந்த விதியை இன்றைக்கு எங்கள் ஊரில் அமல்படுத்தினால் தேர்தலில் நிற்க வேப்பமரம் ஒன்றுதான் மிஞ்சும். இங்கே எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்.

வாத்தியார் சொல்லாமல் விடும் பகுதியும் ஒன்று உண்டு. உத்திரமேரூரில் இருந்தது பிராமண ஊரான சதுர்வேதிமங்கலத்தின் சபை. வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்கவேண்டும், வேதம் படித்திருக்கவேண்டும். எங்கள் சபைக்கு அந்த வம்பெல்லாம் கிடையாது. வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் போதும். அந்த ஒரே தகுதியோடு வந்து உட்காருகிறவர்தான் அப்பத்தா.

அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது, ரூபாய் தெரியும். தெருவிளக்கு, சாக்கடை எதிலும் வாய் திறக்காது. எல்லாம் ஓய்ந்து பதிவேடு கைக்கு வரும்போதுதான், “கணக்கை வாசிப்பா” என்று சொல்லும். ஊராட்சியின் வரவு செலவுத் திட்டத்துக்கும் தணிக்கை அறிக்கைக்கும் ஒப்புதல் தரும் அதிகாரத்தை 1994-ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டம் கிராம சபைக்குத்தான் கொடுத்திருக்கிறது. அப்பத்தா சட்டம் படித்ததில்லை. மாடு வாங்கினாலும் பல்லைப் பார்த்துத்தான் வாங்கிப் பழக்கம்.

அப்படி ஒரு கூட்டத்தில் செயலர் வாசித்தார். “பிளீச்சிங் பவுடர், எல்லாத் தெருக்களுக்கும்...”

“எங்க தெருவுல எப்பப்பா போட்டீக? கோலத்தைத் தவிர வெள்ளையா ஒண்ணையும் நாம் பாக்கலையே.”

செயலர் அடுத்த வரிக்குத் தாவினார். “மின்மோட்டார் பழுது நீக்கியது. மீண்டும் மின்மோட்டார் பழுது நீக்கியது. மின்மோட்டார்...”

“எந்த மோட்டாரு?”

“தொட்டி மோட்டாருதான் அப்பத்தா.”

“அது ஓடுனாத்தானப்பா ரிப்பேராகும்?”

இதற்குப் பதில் சொல்லத் தலைவரின் வீட்டுக்காரர் எழுந்தார். 2016-இல் சட்டத்தைத் திருத்தி உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். அதன் பலனாக எங்களுக்கு ஒரு பெண் தலைவர் கிடைத்தார். இலவச இணைப்பாக அவர் வீட்டுக்காரரும் கிடைத்தார். “அப்பத்தா, அது என்னன்னா...” என்று அவர் ஆரம்பிப்பதற்குள் அப்பத்தா கேட்டது:

“நீ எந்த வார்டு மெம்பரு அய்யா?”

தார்ப்பாய் குலுங்கியது. வீட்டுக்காரர் உட்கார்ந்தார். அதுவரை மேசை விரிப்பின் பூக்களை எண்ணிக்கொண்டிருந்த தலைவர் எழுந்து, செயலரிடமிருந்து நோட்டை வாங்கி, தானே வாசிக்க ஆரம்பித்தார். அவருடைய குரலை ஊர் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான். நன்றாக, கணீரென்று இருந்தது.

கடைசியில் மைப்பெட்டியை நீட்டினார்கள். அப்பத்தா கட்டை விரலை மடக்கிக்கொண்டது. தீர்மானம் எழுதவேண்டிய பக்கம் வெறுமையாக இருப்பதைக் காட்டி, “எழுதி வாசி, பொறவு வைக்கிறேன்” என்றது. பற்றாளரின் விருந்தாளிகள் அன்று தாங்களாகவே சாப்பிட்டிருக்க வேண்டும். பிளீச்சிங் பவுடருக்கு ரசீது காட்டுவது, தொட்டி மோட்டாருக்குத் தனி நோட்டுப் போடுவது என்று இரண்டு வரி எழுதி வாசித்த பிறகுதான் கைநாட்டு விழுந்தது. அடுத்த கூட்டத்தின் கணக்கில் மோட்டார் ஒரே ஒரு தடவைதான் பழுதாகியிருந்தது. நோட்டுப் போட்டதும் இயந்திரத்துக்கு எப்படி உடம்பு தேறியது என்பதைப் பொறியியல் படித்தவர்கள் ஆராயலாம்.

நாங்கள் ஆம்பளைகள் நின்று நின்று மரத்தின் பட்டையைத் தேய்த்ததுதான் மிச்சம். விளக்கு, சாக்கடை, வேகத்தடை என்று நாங்கள் போட்ட சத்தமெல்லாம் காற்றோடு போயிற்று. உட்கார்ந்து, கணக்குக் கேட்டு, எழுதிய பிறகே கைநாட்டு வைத்த ஒருத்தியால்தான் மோட்டார் ஓடித் தண்ணீர் வந்தது. ஆகவே உங்கள் ஊரில் அடுத்த கிராம சபை நடக்கும்போது தயவுசெய்து வண்டியை அணைத்துவிட்டு உள்ளே போய் உட்காருங்கள். கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். தீர்மானம் எழுதாத பக்கத்தில், யார் பேனா நீட்டினாலும், கையெழுத்துப் போடாதீர்கள்.