கனக் கொள்கை: கணியம்பாடி வீடொன்றில் ஆம்ப்ளிஃபயர் மாற்றப்பட்டது குறித்த ஆய்வு

ஆம்ப்ளிஃபயரின் தரத்தை அறிய இரு வழிகள் உண்டு. ஒன்று காதால் கேட்பது, மற்றது கையால் தூக்கிப் பார்ப்பது. வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ள கணியம்பாடியில் இரண்டாவதே வழக்கு என்பது இவ்வாய்வின் கருதுகோள். இதைக் 'கனக் கொள்கை' எனக் குறிப்போம்.

ஆய்வுப்பொருள், எண்பதுகளில் வாங்கிய, ரேடியோவும் சேர்ந்த ஸ்டீரியோ செட்டு. 1978இல் வந்த 'ப்ரியா' படப் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. அவற்றைப் பிரித்துக் கேட்கவே இது வாங்கப்பட்டதென்பது குடும்ப வரலாறு. இடது பெட்டி கூடத்திலும் வலது பெட்டி சமையலறையிலும் வைக்கப்பட்டதால் பாட்டு பிரிந்தது உண்மைதான். பிறகு சேரவே இல்லை. வால்யூம் தவிர்த்த குமிழ்களைத் தொட்டவர்கள் குழந்தைகள் மட்டுமே. அதற்கு உதையும் வாங்கினார்கள்.

நாளடைவில் எல்லாப் பாட்டுக்கும் அடியில் 'ம்ம்ம்' என்றொரு சுருதி சேர்ந்துகொண்டது. தம்பூரா என்று சிலர் கருதினர். மின்சாரத்தைச் சீராக்கும் கெப்பாசிட்டர் காய்ந்துபோனால் 100 ஹெர்ட்ஸில் எழும் இரைச்சல் அது. வெப்பம் 10 டிகிரி கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர்ப் பக்கத்தில், டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டி உட்கார்ந்து அது இத்தனை வருஷம் உழைத்ததே பெரிது. மெக்கானிக் அதை மாற்றிவிடுவார். தேய்ந்த குமிழ்களுக்கும் சுவிட்சுகளுக்கும்தான் வழியில்லை. 'ரிச்சி தெருவில் கிடைக்கும்' என்பவர்கள் சென்னைக்கு பஸ் சார்ஜ் தருவதில்லை.

ஆகவே விலை மலிந்த புதியது வந்தது. ஒரே குமிழ், ப்ளூடூத், ஒரு கையில் அடங்கும் உடல். வீட்டுப் பெரியவர் தூக்கிப் பார்த்து, "உள்ளே ஒண்ணும் இல்லையேப்பா" என்றார். அவர் சொன்னதில் பௌதிகம் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை இறக்கிக் கொடுக்கக் கனத்த இரும்புக் கட்டை வேண்டும். புதியதன் பவர் சப்ளை பல்லாயிரம் ஹெர்ட்ஸில் இயங்குவதால் சின்னக் கட்டையே போதும். பழையது வாங்கிய மின்சாரத்தில் பாதியளவைச் சூடாக்கி அலுமினியத் தகடுகள் வழியே கூடத்துக்கு வழங்கியது. 'கிளாஸ் டி' வகைப் புதியது பத்தில் ஒரு பங்கைத்தான் அப்படி வீணாக்கும்.

வாட் குறைந்ததே என்ற கவலையும் ஆதாரமற்றது. வாட் பாதியானால் ஒலி குறைவது 3 டெசிபல்தான். ஒருகாலத்தில் அட்டைப்பெட்டிகளில் '2000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று அச்சிட்டார்களே, 5 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்கு 1150 வாட்தான் வரும். மீதியை அட்டையே தயாரித்தது போலும்.

பெரியவர் அசையவில்லை. தோல் தொழிலில் இருந்தவர். பதனிட்ட தோல் சதுர அடிக் கணக்கில் விலைபோவதை அறிந்தவர், ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும் கிலோக் கணக்கை ஏன் பிடித்துக்கொண்டார் என்பது தனி ஆய்வுக்கு உரியது.

களச்சோதனையில் எதிர்பாராத முடிவு கிடைத்தது. சமையலறைப் பெட்டிக்குப் போகும் தடித்த பழைய வயரைச் சற்று இழுத்தாலும் புதியது அலமாரியை விட்டு இறங்கிவந்தது. கடைசியில் வயரைப் பழைய செட்டின் அடியில் கொடுத்து அழுத்தி, புதியதை அதன் தலைமேல் ஏற்றினார்கள். பழைய இரும்புக்காரருக்குச் சொல்லியனுப்பியதும் ரத்தானது. கனக் கொள்கையே வென்றதாகப் பெரியவர் அறிவித்திருக்கிறார். மறுத்துச் சொல்ல ஆய்வாளரிடம் தரவு இல்லை.