கடலில்லா ஊரில் கடல் பாடம்

கேள்வி: கடலே இல்லாத மொனராகலையில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குக் கடல் காற்றாலையையும் கடலுயிர்களையும் எப்படிக் கற்பிப்பது?

பதில்: காற்றாலைக்குத்தான் கடல் வேண்டும், பாடத்துக்கு வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவத்தில் மலை தாண்டி ஊவாவுக்குள் வறண்டு இறங்கும் காற்றைப் பிள்ளைகள் நன்கு அறிவர். கடதாசிக் காற்றாடி அதிலேயே சுழலும். கடலுக்கு வழிகாட்ட, மாவட்டத்தினூடே ஓடிக் குமணையருகே கடலில் சேரும் கும்புக்கன் ஓயா இருக்கிறது.

இலங்கைக் கடலுக்குள் காற்றாலை இன்னும் எழவில்லை. மன்னார்த் தீவின் ‘தம்பபவனி’யின் 30 கோபுரங்களும் தரைமேல் நிற்பவை. உலகின் முதலாவது கடல் காற்றாலை 1991இல் டென்மார்க்கின் விண்டெபியில் 11 கோபுரங்களுடன் எழுந்தது, 2017இல் அகற்றப்பட்டது.

உயிர்களின் கதைதான் பிள்ளைகளைப் பிடித்து வைக்கும். நீருக்குள் நிற்கும் தூணில் பாசியும் சிப்பிகளும் ஒட்டுகின்றன. அவற்றைத் தேடி நண்டும் மீனும் வருகின்றன. வெற்று மணற்பரப்பில் ஒரு பாறைத்திட்டே உருவாகிவிடுகிறது. ஆனால் தூணை அறைந்து இறக்கும் நாட்கள் கொடியவை. அந்த ஓசை நீருக்குள் நெடுந்தொலைவு செல்லும். ஒலியால் இரை தேடும், ஓங்கிலின் உறவான கடற்பன்றிகள் விலகி ஓடும். ஜெர்மனியில் தூணைச் சுற்றிக் காற்றுக்குமிழித் திரை எழுப்பி ஓசையைத் தணிக்கிறார்கள். வாளித் தண்ணீருக்குள் இரு கற்களைத் தட்டி, வாளியின் பக்கத்தில் காதை ஒட்டிக் கேட்கச் சொன்னால் நீருக்குள் ஓசை செல்வது தரம் 3 பிள்ளைக்கும் விளங்கும்.