தோட்டுத் திருகும் நாலடிக் குழாயும்

ஏலே பேரப்புள்ள, இப்பிடி வந்து உக்காரு. கையில என்ன நீல உறை? ஆயில் மாத்தப் போறியா, பிரசவம் பாக்கப் போறியா?

உன் மாருதி எண்ணூறு 2014லயே வாரது நின்னுபோன வண்டி. வயசான கட்டைக்கிட்ட இப்பிடியா மல்லுக்கட்டுவாக? ஸ்பானர்ல நாலடிக் குழாய மாட்டித் தொங்குனியே, அது ஆயில் சேம்பரா, அடிபம்பா? அந்த டிரெயின் போல்ட்டு கேக்கது 35 நியூட்டன் மீட்டர் பக்கம். மலைக்காத. ஓரடி ஸ்பானர் நுனியில 12 கிலோ அமுக்கு, அம்புட்டுத்தான். நாலடிக் குழாய்னா மூணு கிலோவே தாராளம். நீ முழு ஆளா ஏறித் தொங்குன. மரை கழண்டது சேம்பருக்கு மட்டுந்தானா?

உங்க ஆச்சியப் பாரு. அம்பது வருசமா தோட்டுத் திருகக் கழட்டுதா, மாட்டுதா. ரெண்டே வெரலு. என்னைக்காவது மரை போச்சுன்னு ஆசாரிகிட்டப் போனாளா?

இப்பம் என்னன்னா புதுச் சேம்பர் வாங்கணும்னு குதிக்க. எலிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துவாகளா? கழட்டுன போல்ட்ட வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தியா? அதோட மரை மட்டும் மழுங்கியிருந்தா, புது போல்ட்டு, புதுச் செம்பு வாஷர், கத முடிஞ்சது. உன்னுதுல போல்ட்டு முழுசா இருக்கு. பள்ளத்துல மட்டும் மெல்லிசாச் சுருள் கம்பி ஒண்ணு சிக்கிக் கெடக்கு, திருகுல மயிரு சுத்துன மாதிரி. அதாம்லே சேம்பரோட மரை. பிச்சு வெளிய கொண்டாந்துட்ட.

தண்ணிக் குழாய்க்குச் சுத்துற வெள்ள டேப்ப வேற சுத்துனியாமே. மரையே இல்லாத எடத்துல அது எதப் பிடிச்சு நிக்கும்?

ஒரு காந்தத்த எடுத்துச் சேம்பர்ல வச்சுப் பாரு. ஒட்டலன்னா அலுமினியம், உள்ள இரும்புச் சுருள் சொருகுறது நல்ல வேலதான், குத்தம் சொல்லல. ஒட்டுச்சா, இரும்பு; ஒரு அளவு பெரிசா மரை வெட்டிக்கிடலாம். அதையும் மீறிப் போனா, சேம்பரக் கழட்டிக் கழுவி, லேத்துப் பட்டறையில நட்டு வச்சு வெல்டு அடிச்சிரலாம். உனக்கு அம்புட்டுத் தூரம் வேண்டாம். 14 மில்லி மரை போச்சுன்னா 14.5 பிட்டு ஓட்டி, 16க்கு மரை வெட்டு. வெட்டுற டேப்போட பள்ளத்துல கிரீச அப்பிக்கோ, பிசிறு அதுலயே ஒட்டிக்கிடும். அரைச் சுத்து உள்ள, கால் சுத்து பின்ன. அவசரப்பட்டா டேப்பு ஒடிஞ்சு உள்ளயே குடியிருக்கும். முடிச்சதும் ஒரு டம்ளர் ஆயில மேல ஊத்திக் கீழ வடிய விடு. மிச்சப் பிசிறும் அதோட வந்துரும். ஆயிலு போனாப் போவுது, பிசிறு பம்புக்குள்ள போனா எஞ்சினு அழும்.

16 மில்லி புதுப் போல்ட்ட மொதல்ல வெரலால ஏத்து. ரெண்டு மூணு சுத்து தன்னால ஏறலையா, கோணலாப் போவுதுன்னு அர்த்தம். எடுத்துட்டு மறுபடி வை.

என்னலே அங்கன தேடுத? அந்தக் குழாயா? ஆச்சி காலையிலயே அவரப் பந்தலுக்குக் காலா நட்டுட்டா.