பேண்டு செட் – இருப்பு விவரம் சமர்ப்பித்தல் – சார்பு

பெறுநர்: பள்ளிக் கல்வித் துறை, சென்னை.

பொருள்: சிற்றூர் அரசுப் பள்ளிகளின் பேண்டு செட் – துறையின் மேலான கவனத்துக்குக் கொண்டுவருதல் – சார்பு.

அரசுப் பள்ளி பேண்டு செட் என்பது பெரிய டிரம் ஒன்று, சைடு டிரம் சில, சிம்பல் ஒரு ஜோடி, பியூகிள் ஒன்றிரண்டு அடங்கிய அசையும் சொத்து. பிரமுகர் வந்தால் அசையும். காமராசர் பிறந்த நாளான ஜூலை 15, ஆகஸ்ட் 15, ஜனவரி 26 என்று ஆண்டில் மூன்று நாள் அதற்கு நிச்சயமான வேலை உண்டு. விளையாட்டு விழா நடந்தால் நான்கு. மற்ற நாளெல்லாம் தலைமை ஆசிரியர் அறை பீரோவின் மேல், பழைய விடைத்தாள் கட்டுகளுக்குத் துணையாகக் கிடக்கும்.

பியூகிளுக்கு வால்வு கிடையாது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ஊதினால் வழக்கமாக ஐந்து சுரம் வரும். வரவேற்புக்கு அது தாராளம். ஊதுபவன் எட்டாம் வகுப்பு மாணவன். ஒத்திகை காலை ஏழு மணிக்கு. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுவதால் அவன் வெறும் வயிற்றோடுதான் மூச்சுப் பிடிக்கிறான். காற்றுக்கு ஒதுக்கீடு தேவையில்லை என்பது துறைக்கு ஆறுதல்.

செட்டைக் கட்டிக் காப்பது இருப்புப் பதிவேடு. வாங்கிய டிரம் அதில் ஏறிவிட்டால் பிறகு சாகாது. தோல் கிழியலாம், வளையம் துருப்பிடிக்கலாம், குச்சிகளில் ஒன்று கரும்பலகையைச் சுட்டப் போயிருக்கலாம். பதிவேட்டில் அது முழு டிரம். கழித்துக்கட்ட மேலிடத்து ஆணை வேண்டும். ஆணை வரும்வரை அதைத் தூக்கியெறிந்தால் குற்றம், பழுது பார்க்கவோ செலவுக் கணக்கில் தலைப்பு இல்லை. தோல் என்று பெயரே தவிர, பெரும்பாலும் அது பிளாஸ்டிக் தாள்தான். கிழிசலுக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாகச் செலோடேப் ஒட்டிய பெரிய டிரம் தகர டப்பா போல ஒலிக்கும். தணிக்கைக்கு வருபவர் டிரம்களை எண்ணுவார், தட்டிப் பார்ப்பதில்லை.

சொல்லித்தர ஆள் வேண்டுமே என்பது அடுத்த சிக்கல். துறை அதையும் யோசித்தது. ஓவியம், உடற்கல்வி, தையல், இசை முதலிய பாடங்களுக்கு 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2024-இல் அத்தொகை 12,500 ரூபாயை எட்டியது. மே மாதத்துக்குச் சம்பளம் இல்லாமலே பல ஆண்டு ஓடியது. அம்மாதத்தில் இவர்களுக்குப் பசிக்காது என்பது துறையின் கண்டுபிடிப்பு. இவர்களிலும் இசைக்காரர் வாய்க்காத பள்ளியில் பேண்டு பி.டி. சார் தலையில் விழும். விசில், பியூகிள் இரண்டுமே ஊதப்படுபவை என்பதால் தகுதி பொருந்துகிறது.

பேண்டு இங்கே புதிதல்ல. தஞ்சையில் 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, அரண்மனையில் மேனாட்டு வாத்தியக் குழுவை வைத்திருந்தார். அவருக்குப் பதிவேடு பற்றிய போதிய அறிவு இல்லை போலும், வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

குடியரசு தினத்தையொட்டி நடக்கும் தேசியப் பள்ளி பேண்டு போட்டியில் பிராஸ் பேண்டு, பைப் பேண்டு என இரு வகை. மாணவர், மாணவியர் எனத் தனித்தனியாக மொத்தம் நான்கு பிரிவு. செலோடேப் பேண்டுக்குப் பிரிவு இல்லை. அதைச் சேர்த்தால் சிற்றூர்ப் பள்ளிகளை வெல்ல ஆளிருக்காது.

மேற்கண்ட நிலையில் புதிய திட்டமோ, குழுவோ, ஆய்வுக் கூட்டமோ கோரப்படவில்லை. பெரிய டிரம்முக்கு ஒரு தோல் வேண்டும். ஜூலை 15-க்குள் வந்தால் நல்லது.